'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பு என்றைக்கு மணி அடித்ததும் முடிந்திருக்கிறது?

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். அவள் மகளுக்கு வயது 16. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி, ஆகஸ்டில் அமெரிக்கா போகிறாள். ஒரு பள்ளி ஆண்டு முழுக்க அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க வேண்டும். "எல்லாம் ரெடி டீச்சர். பருப்புப் பொடி, ஊறுகாய், ஸ்வெட்டர் எல்லாம் வாங்கியாச்சு. நீங்களும் அவளுக்கு நாலு புத்தி சொல்லுங்க. எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்னு சொல்லுங்க" என்றாள்.

அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றேன். அவளுக்கு வருத்தம்தான். காரணத்தை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் இப்படிப் போனான். விபூதி பூசி, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா" என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். பையன் சைவம். அந்த வீட்டில் கறி இல்லாத சாப்பாடு என்றால் என்னவென்று தெரியாது. முதல் நாள் அந்த அம்மா தட்டை நீட்டியபோது "வேண்டாம்" என்றான். நம் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டு முறை வற்புறுத்துவார்கள் என்று தெரியும். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தட்டை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் ரொட்டியும் ஜாமும் தின்றே ஓட்டினான். மாதாமாதம் விசாரித்தவரிடமும் "நல்லா இருக்கேன்" என்றான். ஒரு நாள் பள்ளியில் மயங்கி விழுந்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அந்த அம்மா அழுதாராம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என் புத்திமதியில்.

நாம் பிள்ளையை விருந்தாளியாகத் தயார் செய்கிறோம். அங்கே தேவை வீட்டுப் பிள்ளை. இந்தத் திட்டங்களின் வேரே அதுதான். இரண்டு உலகப் போர்களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள்தான், நாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளட்டும் என்று, 1947-ல் ஏ.எஃப்.எஸ். பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். இன்றும் இத்திட்டத்தில் ஜே-1 விசாவில் வரும் பிள்ளையை ஏற்கும் அமெரிக்கக் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. மனமிருந்து வீட்டைத் திறக்கிறார்கள். அங்கே போய் நம் பிள்ளை வாயும் திறக்காமல், தட்டும் கழுவாமல் உட்கார்ந்திருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

"குறை சொன்னால் திருப்பி அனுப்பிவிட மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். அழைத்துப் போகும் அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளர் மாதம் ஒரு முறையாவது பிள்ளையிடம் பேச வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. பாலியல் தொல்லையை எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் சொல்வது என்று முன்கூட்டியே கற்றுத்தர வேண்டும் என்பதும் விதி. ஒத்துவராவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாற்றவும் வழி உண்டு. இத்தனை ஏற்பாடும் பிள்ளை வாய் திறந்தால்தான் வேலை செய்யும். அந்த வாயைத்தான் நாம் ஊரிலேயே பூட்டி அனுப்புகிறோம்.

எதற்கும் பழக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டு ருசி, ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு, வீட்டுக்குள் நாய், பனி, இதற்கெல்லாம் பழகத்தான் வேண்டும். பசி, பயம், தகாத தொடுதல் இந்த மூன்றுக்கும் பழகவே கூடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் தயாரிப்பு. பெட்டி கட்டுவது அல்ல.

இனி வீட்டுப்பாடம். ஆகஸ்ட் வரை அவள் துணியை அவளே துவைக்கட்டும், கழிவறையை அவளே கழுவட்டும். ஆண் பிள்ளைக்கும் இதே பாடம்தான், ரெட்டிப்பாக! நாலு பேருக்குச் சமைக்க ஒரு பதார்த்தம் பழகட்டும். "எனக்குப் பசிக்கிறது", "இது எனக்குப் பிடிக்கவில்லை", "எனக்கு உதவி வேண்டும்" ஆகிய மூன்றையும் கூச்சமில்லாமல் ஆங்கிலத்தில் சொல்லும்வரை தினம் சொல்லிப் பார்க்கட்டும். பொறுப்பாளரின் எண் மனப்பாடமாக இருக்கட்டும். திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று இங்குள்ள பள்ளியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு பாடம் உண்டு. தினம் இரவு வீடியோ காலில் "சாப்டியா?" என்று கேட்டுப் பிள்ளையை இங்கேயே கட்டி வைக்காதீர்கள். வாரம் ஒரு முறை பேசுங்கள். பேசும்போது "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று பதிலையும் நீங்களே சொல்லிக் கேட்காதீர்கள். "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் "பேசாதே, வாயில் விரல் வை" என்றவள் நான். அதனால்தான் இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. பேசச் சொல்லி அனுப்புங்கள், கண்ணுகளா.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழைக்கு மட்டும் மதிப்பெண் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்