வலி நின்ற பிறகு



பங்குனி பிறந்தால் போதும், திருவனந்தபுரத்தில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். மலையாளிகளின் கணக்கில் மீனம், மேடம். சாலைக் கடைத்தெருவில் இளநீர் வண்டிகளைச் சுற்றி நிற்கும் கூட்டம் ஒன்று. விலாவைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் கூட்டம் இன்னொன்று. வியர்வையில் நீர் போனால் சிறுநீர் சுண்டும், சுண்டினால் கல் சேரும். நமக்கு வரும் வாசகர் கடிதங்களிலும் கல்லைப் பற்றித்தான் கேள்விகள்: எத்தனை மில்லிமீட்டர், தக்காளி தின்னலாமா, வாழைத்தண்டுச் சாறு கரைக்குமா. கல் சிக்கிக் கிடக்கும் குழாயின் நலத்தை யாரும் விசாரிப்பதில்லை. இந்தப் பக்கத்தில் நான் விசாரிக்கிறேன்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்நாளத்தின் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உள்ளளவு 3, 4 மில்லிமீட்டர்தான். நீர் தானாக வடியும் வெறுங்குழாய் அல்ல, அது தசை. சிறுநீரகத்தின் உள்ளறைகளில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்கள் இருக்கின்றன. அங்கே கிளம்பும் சுருக்க அலை நிமிடத்துக்கு 2 முதல் 6 தடவை கீழிறங்கி, சிறுநீரை மடக்கு மடக்காகப் பைக்குள் தள்ளுகிறது. சிரசாசனம் செய்தாலும் தள்ளும். இதற்கு நரம்பின் உத்தரவு தேவையில்லை என்று ஜெர்மானிய உடலியலாளர் எங்கல்மான் 1869-லேயே எழுதிவிட்டார். மாற்றுச் சிறுநீரகத்தோடு வரும் நாளம், நரம்பெல்லாம் அறுபட்ட நிலையிலும் புது உடலில் துடிப்பதே அதற்குச் சாட்சி.

அடைப்பு விழுந்ததும் நாளம் முதலில் போராடுகிறது. அலைகள் அடிக்கடி வருகின்றன, அழுத்தமும் ஏறுகிறது. தள்ளியும் கல் நகராவிட்டால், மேலே தேங்கிய நீர் குழாயை விரித்துவிடும். வில்லங்கம் இங்கேதான். பால் கறப்பவர் காம்பின் மேற்பக்கத்தை விரலால் இறுக்கி அடைத்த பிறகே கீழ்நோக்கிப் பிழிவார். அடைக்காமல் பிழிந்தால் பால் மடிக்கே திரும்பும். நாளத்திலும் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் நீர் முன்னே போகும். விரிந்த குழாயில் சுவர்கள் தொடுவதில்லை. விட்டம் கூடிவிட்டதால், தசை அதே பலத்தோடு இறுக்கினாலும் உள்ளே எழும் அழுத்தம் குறைவு. அலை மெல்ல மெல்லச் சோர்ந்துபோகிறது. கிருமித் தொற்றும் சேர்ந்தால் அதன் நச்சு மிச்சத் துடிப்பையும் மந்தமாக்கும்.

உயிர் போகிற வலி வருவது கல் கீறுவதால் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் தேங்கிய நீர் நாளத்தையும் சிறுநீரக உறையையும் இழுத்து விரிப்பதுதான். அதனால்தான் வலி உச்சத்தில் இருக்கும்போது செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதில் பயனில்லை. பதிமுகம் போட்ட வெந்நீரும் இளநீரும் கல் வராத நாளுக்கு நல்லவை. நாளத்தைத் தளர்த்திக் கல்லை இறக்கும் என்று கொடுக்கப்படும் டாம்சுலோசின் மாத்திரையைக்கூட, 2015-இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தபோது வெற்று மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. சற்றே பெரிய கற்களுக்கு உதவும் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு, வழக்கு முடியவில்லை.

நான் அஞ்சுவது வலியை அல்ல, அது நிற்பதை. அடைபட்ட சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் சில மணி நேரத்தில் குறையத் தொடங்குகிறது, சிறுநீர் உற்பத்தி குறைகிறது, அழுத்தம் தணிகிறது, வலியும் அடங்குகிறது. "கல் போயிடுச்சு" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கல் அங்கேயே இருக்கும். முழு அடைப்பை ஒரு வாரத்துக்குள் நீக்கினால் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆறு வாரம் கடந்தால் மீள்வது அரிது.

1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கல் சிகிச்சையில் நீண்ட அனுபவம் உண்டு. அங்கே கல் நோய்க்கென்றே தனி கிளினிக் நடத்தி, சிறுநீர்ப் படிகங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியவர் டாக்டர் ஃபாசில் மரிக்கார். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர்களும் அந்த ஆஸ்பத்திரியை நம்பி வருகிறார்கள். 2025 ஜூன் கடைசியில் அதன் யூராலஜி துறைத் தலைவர் டாக்டர் ஹாரிஸ் சிறக்கல், கருவியில்லாமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகின்றன என்று முகநூலில் எழுதினார். கேரளமே பேசியது; அரசு நிபுணர் குழு அமைத்தது. அரசியலை நாளிதழ்கள் அலசிவிட்டன. எனக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன்: குடலிறக்க அறுவைக்குத் தேதி கொடுப்பதுபோல் அடைபட்ட நாளத்துக்குத் தேதி கொடுக்க முடியாது. கல்லை உடைக்கத் தாமதமானாலும், ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்தாவது நீரை வடித்துவிட வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வலி நின்றாலும், கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்காதவர்கள் மருத்துவர் சொல்லும் நாளில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே இறங்காவிட்டாலோ, இருப்பதே ஒரு சிறுநீரகம் என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றிரவே புறப்படுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்