கோப்பை கவிழ்க்க ஓர் இடம்

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வந்தால் எங்கட முள்ளியவளை வீடுகளில் ஆள் நிறைஞ்சிடும். வந்த சொந்தக்காரர் சாப்பிட்டு எழும்ப, கழுவின கோப்பையும் பேணியும் குசினி முழுக்கப் பரவிக் கிடக்கும். யன்னல் கட்டில் கொஞ்சம், அரிசி வாளி மூடியில் கொஞ்சம், மிச்சம் நிலத்தில் சாக்கு விரிச்சு. வருசா வருசம் பார்க்கிற காட்சிதான். இந்தமுறை எங்களுக்குள்ள ஒரு கேள்வி வந்தது: இந்த வீடுகளைக் கட்டேக்க கோப்பை காய எங்க இடம் விட்டனாங்கள்?

அம்மம்மாக்களின்ர காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. கிணத்தடியில் நாலு கம்பு நட்டு, குறுக்கே தடி கட்டியிருப்பினம். கவிழ்த்தால் தண்ணி மண்ணுக்குப் போகும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். அகப்பைகள் சுவரில் அகப்பைக்கூட்டில் தொங்கும்.

யுத்தத்துக்குப் பிறகு கல்வீடுகள் எழும்பின. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வந்தது. வீட்டைக் கட்டுவிச்சது அந்தந்தக் குடும்பம்தான். கதவு எங்க, யன்னல் எங்க எண்டு மேசன் அப்பாவைக் கேட்டார். கழுவினதை எங்க வைக்கிறது எண்டு அம்மாவை ஒருத்தரும் கேட்கேல்லை. பிறகு குசினிக்குள்ள சிங்க் வந்தது. தடித்தட்டு வெளியிலேயே நிண்டிட்டுது.

"ஒரு பிளாஸ்ரிக் கூடை வாங்கினால் சரிதானே?" எண்டு கேட்பீர்கள். இருக்கிற ஒரே மேசையை அது பிடிச்சிடும். அடியில் இருக்கிற தட்டில் தண்ணி தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். ஈரத்தோட அடுக்கின கோப்பைகள் மணக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள வெளித்தட்டையும் நம்ப ஏலாது.

வழி மேலேதான் இருக்கு. சிங்குக்கு மேல உள்ள சுவர் பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்குது. 1940களின் நடுப்பகுதியில் பின்லாந்தில் மையு கெப்ஹார்ட் எண்ட பெண் அந்த இடத்தில் அடிப்பலகை இல்லாத ஓர் அலுமாரியை வடிவமைச்சார். உள்ளே கம்பித் தட்டுகள். கோப்பையை நிமிர்த்திச் செருகினால் தண்ணி நேரே சிங்குக்குள் வடியும். துடைக்கத் தேவையில்லை, எடுத்து அடுக்கவும் தேவையில்லை. காயிற இடமும் வைக்கிற இடமும் ஒண்டுதான். இண்டைக்கும் பின்லாந்து வீடுகளில் அது சாதாரண விசயம்.

எங்களுக்கு அலுமாரிகூட வேண்டாம். ஒட்டுக்கடையில் சொல்லி, துருப்பிடிக்காத கம்பியில் ஒரு சட்டம் செய்விச்சுச் சுவரில் பூட்டினால் போதும். கோப்பையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தால் ஒண்டு வைக்கிற இடத்தில் ஏழெட்டு நிற்கும். பேணிகளுக்குக் கீழே கொழுக்கி. யன்னலுக்குப் பக்கமெண்டால் காற்றும் வரும். உயரத்தை மட்டும் அம்மாவை நிற்கவைச்சு அளக்கோணும். ஈரக் கையைத் தலைக்கு மேல தூக்கினால் தண்ணி முழங்கை வழியாகச் சட்டைக்குள்ள இறங்கும்.

எங்கட வயதுக்காரர் சிலர் இப்ப வீடு கட்டத் தொடங்கியிருக்கினம். சுவர் பூச முதல் குசினியில் வேலை செய்யிற ஆளைக் கூப்பிட்டு, "எங்க கவிழ்ப்பீங்கள்?" எண்டு கேளுங்கோ. அந்த ஆள் எப்பவும் அம்மாவாகவோ அக்காவாகவோ மட்டும் இருக்கத் தேவையில்லை எண்டதையும் அண்டைக்கே கதைச்சு முடிவெடுங்கோ. சட்டத்தைப் பூட்டேக்க தம்பியையும் பக்கத்தில் நிற்கவைச்சு அளந்தால் நல்லது.