போதைப்பொருளும் நுண்கருவிச் சான்றும்

புதியதொரு கருவி தோன்றும்போதெல்லாம் அதனைப் போற்றுவோர் ஒரு சாராரும் அஞ்சுவோர் மற்றொரு சாராருமாக உலகம் பிரிந்து நிற்றல் இயல்பு. இவ்விரு சாராரும் கேட்க மறக்கும் வினா ஒன்றுண்டு. அக்கருவி பிழைபடுங்கால் அப்பிழையின் பாரம் எவர் தலைமேல் விழும் என்பதே அவ்வினா. சட்டத்தால் விலக்கப்பட்ட போதைப்பொருள்களைச் சில நிமிடங்களிற் கண்டறியவல்ல மின்வேதியியல் உணர்கருவிகளைப் பற்றி ஆய்வுக்கூடங்களிலிருந்து இன்று மகிழ்ச்சிதரும் செய்திகள் வருகின்றன. அவற்றை மனமார வரவேற்கும் யானும், இவ்வினாவை நம் கலாசாலை நேயர்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதற்கண் கருவியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். நீரிழிவு நோயாளர் தம் விரல்நுனி உதிரத்தைச் சிறு பட்டையொன்றில் இட்டுச் சர்க்கரையின் அளவைக் காண்பதை யாவரும் அறிவர். அப்பட்டை ஒரு மின்வேதியியல் உணர்கருவியே. போதைப்பொருளை நாடும் கருவியை அதன் உடன்பிறப்பு எனலாம். பட்டையில் மூன்று மின்வாய்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஐயத்திற்குரிய பொருளைக் கரைத்து அவற்றின்மீது ஒரு துளி இட்டு, மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினால், குறித்ததோர் அழுத்தத்தில் அப்பொருளின் மூலக்கூறுகள் எலெக்ட்ரான்களை இழக்கும். அவ்விடத்து மின்னோட்டம் உயர்ந்து சிகரம்போல் தோன்றும். அச்சிகரம் நிற்கும் இடம் பொருள் இன்னதென்பதையும், அதன் உயரம் அளவு இத்துணையென்பதையும் குறிக்கும். கரைசலில் ஓடும் மின்னோட்டத்தைக்கொண்டு பொருளை அறியும் இத்துறைக்கு வித்திட்டவர் செக் நாட்டு அறிஞர் ஹெய்ரோவ்ஸ்கி. அவர் 1922-இல் கண்ட போலரோகிராபி என்னும் முறைக்கு 1959-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இம்முறைக்குக் கூர்மை சேர்ப்பனவே நானோப்பொருள்கள். மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 100 நானோமீட்டருக்கு உட்பட்ட பொன் துகள்கள், கார்பன் நானோக்குழாய்கள், 2004-இல் பிரித்தெடுக்கப்பெற்ற கிராபீன் என்னும் ஓரணுத் தடிப்புள்ள கரித்தாள் ஆகியவற்றை மின்வாயின்மீது பூசுங்கால், அதன் வினைபுரியும் பரப்புப் பன்மடங்கு விரிகின்றது. எலெக்ட்ரான்களின் போக்கும் எளிதாகின்றது. ஆதலின் மிகச் சிறிய அளவும் புலப்படுகின்றது. ஸான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர்கள், கார்பன் நானோக்குழாய் சேர்ந்த மின்வாயைக் கையுறையின் விரல்நுனியில் அமைத்து, ஃபென்டனில் என்னும் கொடிய பொருளைத் தொட்டறியும் முறையை 2019-இல் வெளியிட்டனர். வியத்தற்குரிய செயலே.

நிற்க. இத்தகைய கருவி தேவைப்பட்டது ஏன் என்பதற்குப் பழைய முறையின் வரலாறே விடையாகும். கொக்கெயின் என ஐயுற்ற பொடியைக் கோபால்ட் தயோசயனேட் கரைசலில் இட்டு, நீலநிறம் தோன்றினால் அஃது கொக்கெயின் எனக் கொள்வது காவலர் பலகாலம் கையாண்ட முறை. ஆயின் குற்றமற்ற வேறு பல சேர்மங்களும் அந்நீலத்தைத் தரும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் இம்முறையால் நேர்ந்ததை நினைத்தால் நெஞ்சம் நடுங்கும். போதைப்பொருள் வைத்திருந்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றோருள் இருநூற்றுவர்க்கு மேற்பட்டோரிடமிருந்து கைப்பற்றிய பொருள், பின்னர் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, போதைப்பொருளே அன்று என விளங்கிற்று. 2016-இல் இச்செய்தி விரிவாக வெளிவந்தது.

குற்றம் செய்யாதார் அதனை ஏன் ஒப்புக்கொண்டனர் என நேயர் வினவலாம். பிணைத்தொகை கட்ட வகையில்லாத ஏழைக்கு, வழக்கு முடியுமட்டும் பன்மாதம் சிறையில் வாடுதல், குற்றத்தை ஒப்புக்கொண்டு சின்னாளில் வெளிவருதல் என இரண்டே வழிகள் எதிரில் நின்றன. குழாயிற் கண்ட நீலநிறமே அவனை அழுத்திற்று. உண்மையான சோதனையின் முடிவு வருமுன்னரே அவன் வேலையையும் வீட்டையும் இழந்திருந்தான். 2017-இல் ஹூஸ்டன் காவல்துறை அந்நிறச்சோதனையைக் கைவிட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணம், ஃபென்டனில் போன்ற பொடிகளைத் தொடும் காவலர்க்கு நேரக்கூடிய தீங்கு என்பதே. சிறைப்பட்டோர்க்கு நேர்ந்த தீங்கன்று. இதனை நாம் மறத்தலாகாது.

புதிய உணர்கருவி அப்பழைய நிறக்குழாயினும் மேம்பட்டதென்பதில் எனக்கு ஐயமில்லை. நிறங்கலந்த பொடி நிறச்சோதனையை மயக்கும், மின்னோட்டத்தை மயக்காது. ஆயினும் மேம்பட்டது என்பது வேறு, பிழையற்றது என்பது வேறு. தெருவில் விற்கும் பொடி தூய பொருளன்று, கலப்படம் மிக்கது. பெல்ஜிய நாட்டு ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தார் இதனை நேர்மையுடன் ஆராய்ந்துள்ளனர். கால்நடைகளின் குடற்புழுவை நீக்கப் பயன்படும் லெவமிசோல் என்னும் மருந்து கொக்கெயினில் பெரிதும் கலக்கப்படுகின்றது. அம்மருந்து உடனிருந்தால் கொக்கெயினின் சிகரம் மின்வரையில் மறைந்துபோகக் கூடும் என்பதை அவர்கள் 2018-இல் எடுத்துக்காட்டினர். கரைசலின் காரத்தன்மையை உயர்த்துதல் முதலிய மாற்றுவழிகளையும் உடன் கூறினர். தம் முறையின் குறையைத் தாமே தேடிக்கண்டு உரைக்கும் இப்பண்பே அறிவியலின் அணிகலன். இனி, நானோப்பொருளுக்கும் ஒரு குறையுண்டு. கையாற் பூசப்பெறும் பூச்சு ஒரு பட்டையைப்போல் மற்றொன்றில் அமைவதரிது. ஆய்வுக்கூடத்திற் கூர்மை மிக்கதாய் விளங்கிய பட்டை, பல்லாயிரமாகப் பெருக்கப்படுங்கால் அதே கூர்மையுடன் இருக்கும் எனக் கருத இடமில்லை.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் மட்டும் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 116 டன் கொக்கெயின் பிடிபட்டது. இவ்வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் சுங்க அதிகாரி, ஒவ்வொரு பொதிக்கும் ஆய்வுக்கூட முடிவை எதிர்நோக்கி வாளாவிருத்தல் இயலுமோ என்பர். இயலாதுதான். அங்கு இக்கருவி வேண்டற்பாலதே. ஆயின் பொதி சில நாள் காத்திருப்பதால் அதற்கு யாதொரு குறையும் இல்லை. மனிதன் அத்தன்மையன் அல்லன். பொதியை நிறுத்தப் போதுமான சான்று மனிதனைச் சிறையிடப் போதாது என்பதே என் துணிபு.

பிழையின் பாரம் வேறுவகையாக விழும் இடமும் ஒன்றுண்டு. ஃபென்டனில் இரண்டே மில்லிகிராம் உட்சென்றாலும் உயிர் போகக்கூடும். 2021-இல் அமெரிக்காவில் மருந்தும் போதைப்பொருளும் மிகையாக உட்கொண்டு இறந்தோர் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் ஃபென்டனில் போன்ற செயற்கைப் பொருள்களால் மாண்டனர். தாம் உண்பது யாதென்றே அறியாது உண்டவர் பலர். அங்கே கருவி வீணாக எச்சரித்தால், ஒருவன் அப்பொடியை எறிந்துவிடுவான்; அவ்வளவே. எச்சரியாது விட்டாலோ உயிர் போம். ஆதலின் மருத்துவர் கையிலும், அடிமைப்பட்டோரை மீட்கப் பாடுபடுவோர் கையிலும் இக்கருவி முதலிற் சேரவேண்டும். காவலர் கையிற் சேருவது அதற்கடுத்ததாகுக.

காவலர் கையிற் சேருங்கால் மூன்று நெறிகள் வேண்டும். முதலாவது, தூய பொருளில் அன்றித் தெருவிற் பிடிபட்ட கலப்புப் பொருள்களில் கருவியைச் சோதித்து, அதன் பிழையளவை யாவரும் காண வெளியிடல் வேண்டும். அச்சோதனையைக் கருவி செய்து விற்போர் அல்லாத பிறர் நடத்தல் வேண்டும். இரண்டாவது, பொருளில் ஒரு பகுதி முத்திரையிட்டுப் பாதுகாக்கப்படல் வேண்டும். மூன்றாவது, ஆய்வுக்கூடத்தின் உறுதிச்சோதனை முடியுமுன் எவரையும் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு கேட்டலாகாது. இவற்றாற் காவற்பணி சற்றே தாமதப்படலாம். ஹூஸ்டனில் நேர்ந்ததைக் கண்டபின்பும் அத்தாமதத்தைப் பெருங்குறையெனக் கூறுவோர் உளரோ?

மாணாக்க நண்பர்களே, நும்முள் இரசாயனம் பயில்வோர் பலர். சோதனைக்குறிப்பில் விடையை எழுதியபின் பிழையளவை எழுதச் சோம்புதல் நம்மிற் பலர்க்கும் வழக்கம். ஆசிரியர் கண்டித்தால் ஓர் எண்ணை இட்டு நிரப்புவதும் உண்டு. நாளை நும்மிற் சிலர் இத்தகைய கருவிகளை ஆக்குவீர். சிலர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் அமர்ந்து அவற்றின் சான்றை எடைபோடுவீர். அன்று அப்பிழையளவின் வரியில் எழுதப்படும் எண், யாரோ ஒருவன் அன்றிரவு தன் வீட்டில் உறங்குவானா சிறையில் உறங்குவானா என்பதை முடிவு செய்யும். அதனை இன்றே மெய்யாக எழுதிப் பழகுவீர்களாக.