உருவம் ஒன்று, புரி வேறு



சென்ற மாதம் ஒரு சகோதரி என் மனைவி மூலமாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய கணவர் வெளிநாட்டில் தொழில் செய்கிறார். வீட்டிலுள்ள பிக்கப் வாகனத்தைச் சாரதி ஒருவரை வைத்து ஹயருக்கு விட்டிருக்கிறார். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுச் செலவும் அந்த வருமானத்தில்தான் நடக்கின்றன.

"ஹஸரத், ஒயில் மாற்ற வேண்டும் என்று சாரதித் தம்பி சொல்கிறார். ஒயில் பில்டருக்கு ஒரு கடையில் ஒரு விலை, அடுத்த கடையில் அதில் பாதி. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கின்றன. எதற்குக் காசு கொடுப்பது?"

மத்ரஸாவில் பாடம் நடத்துபவரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் நான் நன்றாகப் பட்டுத் தெளிந்தவன்!

சில வருடங்களுக்கு முன்னர் எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் இருந்தது. ஒருநாள் கொழும்பில் ஒரு கடையில், பழைய பில்டரைக் காட்டி, அதைப் போலவே இருந்த ஒன்றை மலிவாக வாங்கினேன். அதே உயரம், அதே சுற்றளவு. பூட்டியபோது சுலபமாகச் சுழன்று ஏறியது. மிகச் சுலபமாக ஏறியதே தவறின் அடையாளம் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. சாமான் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் வரும்போது ஒயில் லைட் பற்றியது. உடனே எஞ்சினை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வந்த வழியெல்லாம் ஒயில் கோடு!

கராஜ் பாஸ் அந்தப் பில்டரைக் கழற்றிக் காட்டினார். எஞ்சினில் பில்டர் ஏறும் தண்டின் புரி 3/4 அங்குலம், அதாவது 19.05 மில்லிமீற்றர். நான் வாங்கிய பில்டரின் புரியோ 20 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் கூட இல்லாத அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பில்டர் தளர்வாக ஏறிவிடும், ரப்பர் வளையமும் அமர்ந்துவிடும். ஆனால் ஒயிலின் அழுத்தம் கூடும்போது பிடி விட்டுவிடும். "ஹஸரத், இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகியிருக்கும்" என்றார் பாஸ். சில நூறு ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு எஞ்சினையே இழக்கப் பார்த்தேன்.

ஜப்பான் வாகனங்களில் இந்த இரண்டு புரிகளும் வழக்கத்தில் உள்ளன. டொயோட்டாவின் பல பெற்றோல் எஞ்சின்களில் 3/4 அங்குலம். நிஸான், மிட்சுபிஷி, ஹொண்டா எஞ்சின்கள் பலவற்றில் 20 மில்லிமீற்றர். இவை தவிர வேறு அளவுகளும் உண்டு. ஒரே கம்பனியின் இரண்டு எஞ்சின்களுக்கே பில்டர் வேறுபடலாம். எனவே கம்பனிப் பெயரைச் சொல்லிக் கேட்பதும் போதாது.

புரி சரியாக இருந்தாலும் விஷயம் முடிவதில்லை. பில்டருக்குள்ளே மடித்து வைத்த ஒரு வகைக் கடதாசி இருக்கிறது. ஒயிலில் கலக்கும் கரியையும் உலோகத் துகள்களையும் அதுவே பிடிக்கிறது. அந்தக் கடதாசி அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஒயில் போகாமல் நின்றுவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஒரு சிறிய வால்வு திறந்து, வடிகட்டாத ஒயிலையாவது அனுப்பும். சில வாகனங்களில் இந்த வால்வு எஞ்சினிலேயே இருக்கும். சிலவற்றில் பில்டருக்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பூட்டும் பில்டர்களில், வாகனம் நிற்கும்போது ஒயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்றும் இருக்கும். அது தரமற்றதாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒயில் ஏறும் வரை எஞ்சின் கடகடக்கும். இவற்றை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அப்படியாயின் எதைப் பார்த்து வாங்குவது? சகோதரிகளே, அது உங்கள் அலுமாரியிலேயே இருக்கிறது! வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் உள்ளன. அவற்றை ஒரு துண்டில் எழுதி, வாகனத்தின் மொடலையும் வருடத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். நல்ல உதிரிப்பாகக் கடைக்காரர் அதை வைத்துப் பட்டியலில் பில்டரின் இலக்கத்தை எடுத்துத் தருவார். வாகனத்தில் எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், இப்போது உள்ள எஞ்சினின் இலக்கமே கணக்கு. பில்டரின் இலக்கத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டியிலும் பில்டரிலும் அதே இலக்கம் இருக்கிறதா, அச்சு மங்காமல் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பேர்போன பெட்டிக்குள் போலிச் சரக்கு வருவதும் உண்டு.

பூட்டும்போது சாரதியிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டி நிற்கிறதா? ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் இருந்தால் ஒயில் கொட்டும். புதிய வளையத்தில் சிறிது ஒயில் தடவினாரா? வளையம் தொட்ட பின் பில்டரில் எழுதியுள்ளபடி, அனேகமாக முக்கால் சுற்று, கையால் இறுக்கினாரா? பிறகு எஞ்சினை ஓடவிட்டால் சில விநாடிகளில் ஒயில் லைட் அணைய வேண்டும். கீழே கசிவு இருக்கக் கூடாது. நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். புதிய பில்டர் கொஞ்சம் ஒயிலைக் குடித்திருக்கும். குறைந்ததை ஊற்ற வேண்டும்.

அந்தச் சகோதரி என்ன செய்தார் தெரியுமா? இலக்கங்களை எழுதிச் சாரதியிடம் கொடுத்தனுப்பினார். பட்டியலைப் பார்த்த கடைக்காரர், அந்தப் பாதி விலைப் பில்டர் வேறொரு எஞ்சினுக்கு உரியது என்று சொல்லிவிட்டார். அதற்காக விலை கூடியதையும் அவர் வாங்கவில்லை. இலக்கம் பொருந்திய, பெயர் தெரிந்த இன்னொரு கம்பனியின் பில்டர் இரண்டுக்கும் நடுவான விலையில் கிடைத்தது. மலிவு என்பதால் ஒரு பொருள் கெட்டதாகிவிடாது. விலை கூடியது என்பதால் பொருத்தமாகிவிடவும் மாட்டாது.

கணவர் கடல் கடந்து உழைத்து வாங்கிய வாகனம் உங்கள் கையில் இருக்கும் அமானிதம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த இலக்கத்தையும், பில்டர் மாற்றிய திகதியையும், மீற்றரில் ஓடிய கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பில்டர் வாங்கும்போது யாரிடமும் கேட்க வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்.