காத்திருக்கும் பணம், வந்த பணம் அல்ல

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல் வியாபாரம் செய்பவரிடம், "செக் கொடுத்தாகிவிட்டது; பணம் வந்த மாதிரிதான்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். செக் பாஸ் ஆன பிறகுதான் அவருக்கு அது பணம். ஆனால் பிட்காயினில் மட்டும், திரையில் தொகை தெரிந்தவுடனேயே பணம் வந்துவிட்டதாகப் பலர் நம்பிவிடுகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை என்பது என் கருத்து.

பிட்காயினுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு அதை இயக்குகின்றன. இவற்றை நோட் என்கிறார்கள். நீங்கள் பணம் அனுப்பினால், அந்தத் தகவலைப் பெறும் நோட், டிஜிட்டல் கையெழுத்து சரியா, அந்தக் காயின் ஏற்கெனவே செலவாகிவிட்டதா என்று சோதிக்கிறது. சரியாக இருந்தால் "மெம்பூல்" என்னும் காத்திருப்புப் பகுதியில் வைத்துக் கொள்கிறது. பின் தன்னுடன் இணைந்துள்ள நோட்களுக்கு, "இப்படி ஒன்று என்னிடம் உள்ளது" என்று அறிவிக்கிறது. அது இல்லாத நோட்கள் கேட்டு வாங்கிக் கொள்கின்றன. இப்படியே அது உலகம் முழுவதும் பரவுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்லாருக்கும் பொதுவான மெம்பூல் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனி. பெரும்பாலான நோட்களில் இயங்கும் பிட்காயின் கோர் புரோகிராம், நாம் மாற்றாத வரை, இதற்கு 300 எம்.பி. இடம்தான் தருகிறது. அது நிரம்பினால் குறைந்த கட்டணம் வைத்தவை வெளியேற்றப்படும். 336 மணி நேரம், அதாவது 14 நாட்கள், காத்திருந்தும் பிளாக்கில் ஏறாதவை நீக்கப்படும். புரோகிராமை மூடுகையில் இந்தப் பட்டியல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைலாக எழுதப்படுகிறது. அதனால் மட்டும் அது உறுதியான பதிவு ஆகிவிடாது.

சராசரியாக 10 நிமிடத்திற்கு ஒரு பிளாக் உருவாகிறது. அதிகக் கட்டணம் தந்தவையே பொதுவாக முதலில் ஏறும். 2017 டிசம்பரிலும் 2023 மே மாதத்திலும் நெரிசல் ஏற்பட்டபோது, குறைந்த கட்டணம் வைத்தவை நீண்ட நேரம் தேங்கி நின்றன.

காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அனுப்பியவர் கட்டணத்தை உயர்த்தி, அதே காயினைத் தனக்கே திருப்பிக் கொள்ளலாம். 2024 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் 28.0 முதல், இப்படி மாற்றுவதை நோட்கள் தாமாகவே ஏற்கின்றன. தேங்கியதை நகர்த்துவதற்கான நல்ல வசதிதான் இது. ஆனால் அதற்குள் பழைய லேப்டாப்பை விற்றுக் கையில் கொடுத்தவர் என்ன செய்வார்? புகார் செய்திட வங்கி மேலாளர் யாரும் இல்லை.

எனவே குறைந்தது ஒரு உறுதிப்பாடு வரும் வரை பொருளைக் கொடுக்காதீர்கள். பெரிய தொகை என்றால் 6 உறுதிப்பாடுகள், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம், பொறுத்திருங்கள். வாலட் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உறுதியாகாத தொகையை இருப்புடன் சேர்த்துக் காட்டாதீர்கள். "இன்னும் வரவில்லை" என்று தமிழிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.