பூனைக்கு விளையாட்டு

‘பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது’ என்பது எலியின் பக்கம் நின்று சொல்லப்பட்ட பழமொழி. பூனையின் பக்கம் நின்று பார்த்தால் அதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நாம் விளையாட்டு என்று அழைப்பதைப் பூனை வேட்டையாகவே செய்கிறது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹால், ஜான் பிராட்ஷா ஆகியோர் நிகழ்த்திய ஆய்வுகள் 1998இலும் 2002இலும் வெளியாயின. பசித்த பூனைகள் பொம்மையோடு கூடுதல் தீவிரத்துடன் விளையாடின. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது ஆர்வம் வடிந்தது. சற்றே மாறுபட்ட இன்னொன்றை உடனே காட்டியதும் முன்னிலும் வேகமாகப் பாய்ந்தன. நம் வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பொம்மைகளின் கதை இதுதான்.

முற்றிலும் வீட்டுக்குள்ளேயே வாழும் பூனை வரலாற்றில் புதிது. சைப்ரஸ் தீவில் மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையுடையது. பூனை வீட்டுக்குள் மலஜலம் கழிப்பதற்கான களிமண் துகளை அமெரிக்காவில் எட்வர்ட் லோ விற்கத் தொடங்கியதோ 1947இல். கதவைச் சாத்தி வைப்பது அதன்பிறகே எளிதாயிற்று. பல்லாயிரம் ஆண்டு வேட்டைக் குணம் சில பத்தாண்டுகளில் மாறிவிடுமா என்ன?

கதவைச் சாத்துவது தவறென்று நான் சொல்லவில்லை. வாகனங்களிடமிருந்து பூனைக்கும், பூனையிடமிருந்து பறவைகளுக்கும் அது காப்பு. ஆனால் மதில்மேல் பூனையிடமிருந்து மதிலைப் பறித்துக்கொண்டவர்கள் பதிலுக்கு ஏதேனும் தந்தாக வேண்டும். எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே சென்று வேட்டையாடும் பூனைகளோடு நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் உரியவர்கள் விளையாடியபோது, அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 விழுக்காடு குறைந்தது. வேட்டையின் இடத்தை விளையாட்டு ஓரளவேனும் நிரப்புகிறது என்றே இதை வாசிக்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிதில்லை. குச்சியில் கட்டிய இறகை முகத்துக்கு நேரே ஆட்டாமல், அஞ்சி ஓடும் எலிபோல விலக்கி இழுங்கள். நாற்காலிக்குப் பின்னே மறையுங்கள், சற்று நிறுத்துங்கள். இறுதியில் அது பிடிக்கட்டும். பிறகு உணவு வையுங்கள். சுவரில் ஓடும் லேசர் புள்ளியை ஒருபோதும் பிடிக்க முடியாது. அதில் துரத்தல் உண்டு, முடிவு இல்லை. பொம்மைகளை ஒளித்துவைத்து மாற்றி மாற்றி எடுங்கள். கயிற்றை மட்டும் கீழே விட்டுவிடாதீர்கள். விழுங்கினால் குடலுக்கு ஆபத்து.

பொம்மை கடையில் கிடைக்கும். அதை எலியாக்குவதற்கு ஒரு மனிதக் கை வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காமல், உறங்கும் பூனையைச் சோம்பேறி என்று ஏசுவது, வேலையைப் பறித்துவிட்டு உழைக்கவில்லை என்று குறைகூறுவதற்கு ஒப்பானது.