ரீச்சர் என்ற பெயர் கிடைத்தது, சம்பளம்?

யுத்தத்தின் பின்னர் வன்னியில் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டபோது எத்தனை பெண்களுக்கு வேலை கிடைத்தது என்று மேடைகளில் கணக்குச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் வேலைக்குப் போன நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்ற கணக்கை ஒருவரும் எடுக்கவில்லை.

அம்மம்மா இருந்த வீடுகளில் அம்மம்மா பார்த்தார். 2009 இல் அம்மம்மாவையும் இழந்துவிட்ட வீடுகளில், பக்கத்து வளவில் இருந்த ஒரு பெண் காசுக்குப் பார்த்தார். பெரும்பாலும் அவரும் தனியாகக் குடும்பம் நடத்துபவர். தன் பிள்ளையையும் வீட்டையும் விட்டுத் தூரம் போகமுடியாததால்தான் இந்த வேலையை எடுத்தார்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இப்படி வீட்டில் பிள்ளை பார்த்துவிட்டுப் பின்னர் முன்பள்ளி வேலைக்கு மாறிய சில பெண்களோடு பேசினேன். பெயர் போடவேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவருடைய கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். காலை ஆறரை தொடக்கம் மாலை ஐந்தரை வரை நான்கு பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாய். சோறும் தேத்தண்ணியும் சவர்க்காரமும் அதற்குள்தான். "பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் அந்த நாள் காசு குறையும். எனக்குக் காய்ச்சல் எண்டால் நாலு பேரின்ர காசும் இல்லை" என்றார். தாய்மாரிலும் பிழை சொல்லமுடியாது. அவர்களுக்கும் அந்த நாள் சம்பளம் வெட்டப்படுகிறது.

இந்த வேலையைச் சுயதொழில் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால், வாழ்வாதார உதவி என்று ஊருக்குள் வந்தவை கோழி, ஆடு, தையல் மெஷின். பிள்ளை பார்ப்பதற்கென்று பாயோ மலசலகூடமோ எந்தத் திட்டத்திலும் வந்ததாக இந்தப் பெண்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. விற்கக்கூடிய பொருளை உற்பத்தி செய்தால்தான் தொழில் என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியில் தொழில்தருநர் போடவேண்டியது 12 வீதம், தொழிலாளி போடவேண்டியது 8 வீதம். இந்தப் பெண்ணுக்குத் தொழில்தருநரே இல்லை. பத்து வருடம் பிள்ளை பார்த்தாலும் வயதான காலத்துக்கென்று எதுவும் சேராது.

ஆகவே, முன்பள்ளியில் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தார். ஊரும் அதை முன்னேற்றம் என்றுதான் பார்த்தது. நேற்றுவரை "பிள்ளை பார்க்கிற அக்கா", இன்று "ரீச்சர்". சேலை கட்டிக்கொண்டு போகிற வேலை, பின்னேரம் வீட்டில் நிற்கலாம், கூட்டங்களில் கதிரை தருகிறார்கள். இந்த மரியாதையைச் சின்ன விடயமாக நான் நினைக்கவில்லை. ஆனால், மாத முடிவில் கையில் வந்தது முன்னர் உழைத்ததை விடக் குறைவு.

வட மாகாணத்தில் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு நீண்டகாலம் வழங்கப்பட்டது மாதம் 6,000 ரூபாய். 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் அப்போது நிர்ணயித்த தொகை 10,000 ரூபாய். 2025 ஏப்ரலில் அது 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. ஆசிரியைகளுக்குக் கிடைத்தது சம்பளம் அல்ல, 'கொடுப்பனவு'. பிரச்சினை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கொடுப்பனவு கூடினாலும் அது கருணையாகவே கூடும், உரிமையாக ஆகாது.

இதற்குக் காரணம், நாம் பெருமையாகச் சொல்லும் இலவசக் கல்வி முதலாம் தரத்திலிருந்து தொடங்குவதுதான். அதற்கு முந்திய வயது பெற்றோரின் பொறுப்பு. முன்பள்ளிகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. 13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணத்துக்கு முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் அதிகாரம் இருக்கிறது. மேற்பார்வை செய்பவர் சம்பளத்துக்குப் பொறுப்பில்லை, நடத்துகிற சங்கத்திடம் காசில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வந்தது. ஊர்காவல் படையிலிருந்து 2006 இல், பாதுகாப்பு அமைச்சின் கீழ் உருவாக்கப்பட்ட திணைக்களம் அது. யுத்தத்தின் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பண்ணைகளுக்கு ஆட்களைச் சேர்த்ததோடு முன்பள்ளி ஆசிரியைகளையும் தன் சம்பளப் பட்டியலில் எடுத்தது. ஒரே ஊரில், ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரே பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு 6,000, மற்றவருக்கு அதைப்போல் பல மடங்கு. 'அடையாளம்' கொள்கை ஆய்வு மையம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை இதை வன்னியின் ஆழமான இராணுவமயமாக்கல் என்று விவரித்தது.

அந்த விமர்சனம் சரியானது. மூன்று வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்குப் பாதுகாப்பு அமைச்சு பொறுப்பாக இருப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்கமுடியாது. யுத்தத்தில் பிள்ளைகளை இழந்த சமூகத்துக்கு அது இன்னும் கூடுதலாக வலிக்கும். ஆனால், எங்கள் அரசியல் மேடைகளில் இந்த விமர்சனம் பல தடவைகள் அந்தப் பெண்களை நோக்கித் திரும்பியது. "ஆமியின்ர சம்பளம் எடுக்கிறவை" என்று சொல்வது சுகம். அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு எந்தச் சம்பளத்துக்குப் போவது என்று சொன்னவர்கள் குறைவு. முன்பள்ளிகளை மாகாணத்திடம் கையளிக்கவேண்டும் என்ற கோரிக்கையில், அதே சம்பளத்துடன் என்ற இரண்டு சொற்கள் இல்லாவிட்டால், அந்தப் பெண்ணுக்கு அது வேலையை விடச் சொல்லும் கோரிக்கையாகத்தான் கேட்கும்.

இந்த மாற்றத்தில் இன்னொரு பக்கமும் இழக்கிறது. முன்பள்ளி பன்னிரண்டு மணிக்கு முன்னரே முடிந்துவிடும். தொழிற்சாலை ஐந்து மணிக்குத்தான் விடும். பிள்ளை பார்த்த பெண் ரீச்சரானதும் நான்கு தாய்மாருடைய பின்னேரங்களுக்கு ஆள் இல்லாமல் போகிறது. அவர் பார்த்தவர்களில் ஒரு பிள்ளை கைக்குழந்தை. அதை எந்த முன்பள்ளியும் எடுக்காது. அந்தத் தாய் வேலையை விட்டுவிட்டார். இலங்கையில் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருப்பதற்குக் காரணம் தேடுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலாவது, முன்பள்ளி ஆசிரியையை மாகாணத்தின் ஆளணியில் ஒரு பதவியாக ஆக்கி, குறைந்தபட்ச வேதனமும் சேமலாப நிதியும் கொடுப்பது. இரண்டாவது, மதியத்தோடு பூட்டப்படும் முன்பள்ளிக் கட்டடத்தைப் பின்னேரத்தில் பகல் பராமரிப்பு நிலையமாக நடத்தி, அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுப்பது. மூன்றாவது, வீட்டில் பிள்ளை பார்த்த வருடங்களைத் தகைமையாக ஏற்பது. இடம்பெயர்வில் பரீட்சையைத் தவறவிட்டவர்களும், முள்ளிவாய்க்காலில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். செய்த வேலையைக் கொண்டே திறனை மதிப்பிடும் முறை தேசிய தொழில் தகைமைத் திட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. அதைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

வடக்கில் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2013 செப்ரெம்பரில். சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் வந்து, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்கள் அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். மாகாணத்துக்கு ஏற்கனவே இருக்கிற அதிகாரத்தை வைத்து முன்பள்ளி ரீச்சருக்குச் சம்பளம் கொடுப்பார்களா, கொடுப்பனவு கொடுப்பார்களா என்று அவர்களிடம் கேட்கவேண்டும். பின்னேரம் பிள்ளையை யாரிடம் விடுவது என்றும் கேட்கவேண்டும்.